ஒரு சிட்டிகை துத்தநாகம்

செவ்வாய், இரவு.

படகில் வழுக்கி விழுந்து என் வீட்டுக்காரர் உடைத்துக்கொண்ட காலில் வைத்த செயற்கை எலும்புத் துகள், கும்மிடிப்பூண்டி ஆலையில் நான் கலந்ததுதான். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த பேட்ச் எண்ணை இன்றுதான் பார்த்தேன்.

எலும்பு சீக்கிரம் கூடுவதற்காக அதில் துளி துத்தநாகம் சேர்ப்போம். எடை போடும்போது ஃபேனை நிறுத்த வேண்டும். தூள் பறந்தால் அளவு கெட்டுவிடும். அன்று நிறுத்தினேனா? சோதனையில் தேறிய பேட்ச்தான். ஆனாலும் சோறு இறங்கவில்லை.

அவரிடமே சொன்னேன். சிரித்தார்.

"இதுக்கா பேஜாராவுற? கொழம்புக்கு உப்பு போடுறதுக்கே ஃபேனை நிறுத்துறவ நீ. என் காலுக்கு நிறுத்தாமயா இருந்திருப்ப?"

அப்படியா செய்கிறேன்? இந்த ஒற்றை அறையில் இத்தனை நாளும் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்த மனுஷன், ஒரு வார்த்தை சொன்னதில்லை.