மூடியைத் திறக்கக் கூடாது

சுண்டெலியின் அம்மாவுக்கு,

நானும் நம் பெண் சுண்டெலியும் நலம். உன் இருமல் விட்டதா என்று அடுத்த முறை பேசும்போது மறக்காமல் சொல்.

தினமும் செய்தி, ஞாயிறு தவறாமல் போன் என்று இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வேறு வழி இல்லை. நம் வீடு ஒன்றரை அறை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் அவளுக்குக் கேட்கும். செய்தி அனுப்பினால் அவள்தான் முதலில் படிக்கிறாள், படித்துவிட்டு எனக்குச் சுருக்கம் சொல்கிறாள். இது அவள் காதுக்குப் போகக் கூடாத விஷயம். அதனால் பேக்கரியில், மாவு உப்பி வரும் வரை கிடைக்கிற நேரத்தில், மைதா மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. பிளம்பர் வரவில்லை, அதுவாக நின்றது, அதனால் எப்போது மறுபடி ஆரம்பிக்குமோ தெரியாது. பள்ளிக்கூட ஷூ அவளுக்குக் கடித்தது, ஒரு அளவு பெரியதாக வாங்கிவிட்டேன். தலை வாரிவிடுவதில் நான் தேறிவிட்டேன். ஒற்றைப் பின்னல்தான். இரண்டு போட்டால் ஒன்று கிழக்கே பார்க்கிறது, ஒன்று மேற்கே பார்க்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை வந்திருந்தபோது அவள் கம்மலின் திருகாணி கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. தேடப் போனவள் அங்கே சுண்டெலி வரிசையாக வைத்திருந்த டப்பாக்களைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு ரொட்டித் துண்டு, பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்து. மூக்கைப் பிடித்துக்கொண்டே படம் எடுத்து உனக்கு அனுப்பினாள். நீ மறுநாளே எனக்கு அனுப்பிய செய்தி இப்போது கைவசம் இல்லை, ஆனால் மனப்பாடமாக இருக்கிறது. நம்ம பொண்ணுக்கு விஞ்ஞானத்துல மூளை போகும்னு எனக்கு அப்பவே தெரியும், சனிக்கிழமை வகுப்பு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், டீச்சர்கிட்ட சொல்லிக் கண்காட்சியில வைக்கச் சொல்லுங்க, லீவுல வர்ற என் சிநேகிதிகிட்ட மைக்ரோஸ்கோப் ஒண்ணு குடுத்து விட்டிருக்கேன் என்று எழுதியிருந்தாய். அப்போது அவள் பள்ளியில் இருந்தாள். அவள் வருவதற்குள் அழித்துவிட்டேன். மைக்ரோஸ்கோப்பும் வந்து சேர்ந்தது. இங்கே கேக் அச்சுகள் வைக்கும் மேல் தட்டில், பிரிக்காமல் இருக்கிறது. போன ஞாயிறு நீ அதைப் பற்றி அவளிடம் கேட்க வாயெடுத்தபோது போன் கட்டானதே, அது லைன் கோளாறு இல்லை. நான்தான். கோபம் வந்தால் வரட்டும், மீதியையும் படித்துவிட்டுக் கோபப்படு.

இந்த டப்பா விவகாரம் எப்படித் தொடங்கியது என்று உனக்கும் தெரியாது, உன் தங்கைக்கும் தெரியாது. மழைக்காலத்தில் அவள் பையில் மறந்துபோன ரொட்டி ஒன்று பூத்துவிட்டது. நான் எடுத்து எறிந்தேன். கொஞ்ச நாள் கழித்துப் பெருக்கும்போது கட்டிலடியில் மூன்று டப்பா அகப்பட்டது. ஒன்றில் ரொட்டியோடு ஈரத்துணி, ஒன்றில் உப்புத் தூவிய துண்டு, ஒன்றில் சும்மா. ரொட்டி சுடுகிறவன் வீட்டில் பூத்த ரொட்டி இருப்பது எவ்வளவு மானக்கேடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் முதலாளி பார்த்தால் என்னை அடுப்புப் பக்கமே சேர்க்க மாட்டார். பூசணத்தைக் கண்டால் எனக்குக் கை தானாகக் குப்பைத்தொட்டிக்குப் போகும். கொட்டினேன், டப்பாக்களை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தேன். அவள் வந்து பார்த்தாள். அழவில்லை. உப்புப் போட்டதையுமா கொட்டிட்டீங்க என்று மட்டும் கேட்டாள். அது குப்பை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே புதிதாக மூன்று வைத்துவிட்டாள். இந்த முறை இன்னும் உள்ளே தள்ளி, சுவரோரமாக. கொட்டிய பிறகும் விடாமல் மறுபடி ஆரம்பித்தாள் பார், அதுதான் என்னை யோசிக்க வைத்தது. அவள் எதிலும் இப்படி விடாப்பிடியாக இருந்து பார்த்து வெகு நாளாகிறது.

படம் வரைந்துகொண்டிருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா. ரொட்டி சுற்றும் காகிதத்தின் பின்பக்கம் முழுக்கப் படிக்கட்டு. எந்த மாடிக்குப் போகிறது என்று கேட்டால், இன்னும் கட்டி முடிக்கலை என்பாள். நாம் பூரித்துப்போய் வகுப்பில் சேர்த்தோம். ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினோம். வந்தவர்கள் முன்னால் நிறுத்தி, மாமாவுக்கு ஒரு யானை வரைஞ்சு காட்டு என்றோம். யானைகள் வந்தன, படிக்கட்டு நின்றது, அப்புறம் யானையும் நின்றது. குளிக்கும்போது பாடுவாள். நீ முதல் விடுமுறைக்கு வந்தபோது கீபோர்டு வாங்கி வந்தாய். சொல்லிக்கொடுக்க வந்த டீச்சரையும் குறை சொல்ல முடியாது, வாசிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது கீபோர்டின் மேல் நான் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்குகிறேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தப் பாட்டுப் போனதில் எனக்கு வருத்தம்தான். எனக்குச் சங்கீதம் தெரியாது, இருந்தாலும் வருத்தம்.

யார் தப்பு என்று எழுத வரவில்லை. நல்லது என்றுதான் இருவரும் செய்தோம். அவள் எதையாவது ஆசையாகக் கையில் எடுத்தால் போதும், உடனே அதற்கு ஒரு டீச்சர், ஒரு நேரம், ஒரு பரிசு என்று ஏற்பாடு செய்துவிடுகிறோம். அப்புறம் அது நம்முடையதாகிவிடுகிறது. அவள் சண்டை போடுவதில்லை. மரியாதையாக நம்மிடமே கொடுத்துவிட்டு வேறு பக்கம் போய்விடுகிறாள். எத்தனை முறை இப்படிப் போவாள்? ஒரு கட்டத்துக்கு மேல் எதையும் கையில் எடுக்காமலே இருந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

அதனால் இந்த முறை நான் செய்வது கொஞ்சம்தான். விற்காமல் நின்ற ரொட்டியை வகை வகையாகக் கொண்டுவந்து மேசை மேல் வைக்கிறேன். கோதுமை ரொட்டி, பால் ரொட்டி, இனிப்பு பன். எதற்கு என்று நான் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. காலையில் பார்த்தால் ஓரம் பிய்ந்திருக்கும். ஒரே ஒரு சட்டம் போட்டேன். மூடியைத் திறக்கக் கூடாது, டப்பாவைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தச் சட்டத்தைத் தனதாக்கிக்கொண்டு இப்போது என்னையே மிரட்டுகிறாள். அன்றைக்கு ஒருநாள், இனிப்பு பன் மட்டும் ஏம்ப்பா லேட்டா பூக்குது என்று கேட்டாள். எனக்கு அது தெரியும். இத்தனை வருஷம் மாவில் கை வைத்தவனுக்கு இதுகூடத் தெரியாதா. பதில் தொண்டை வரை வந்துவிட்டது. என் வாய் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். விழுங்கிவிட்டு, நீ என்ன நினைக்கிறே என்றேன். சாப்பிட்டு முடிக்கும் வரை அவளே பேசினாள். பாதி தப்பு. திருத்தவில்லை. பிறகு ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டே வந்து, நான் அன்னைக்குச் சொன்னது தப்புப்பா என்றாள். வாயில் நுரையோடு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது நான் கேட்பது இதுதான். அவளிடம் டப்பாவைப் பற்றிக் கேட்காதே. பாராட்டவும் வேண்டாம். டீச்சருக்குச் சொல்ல வேண்டாம், சனிக்கிழமை வகுப்பும் வேண்டாம். உன் தங்கையிடமும் சொல்லிவிட்டேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றாள், எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் போனை நானே வாங்கிக் குழாய்க் கதையைச் சொல்லி ஓட்டிவிடுகிறேன்.

அங்கிருந்துகொண்டு அவளுக்கு நீ செய்ய முடிவதே வகுப்புப் பார்ப்பதும் சாமான் வாங்கி அனுப்புவதும்தான். அதையும் வேண்டாம் என்பது கொடுமை என்று தெரிந்தே எழுதுகிறேன். மைக்ரோஸ்கோப் வீணாகாது. இன்னும் கிட்டத்துல பார்க்க முடியாதா என்று அவளே ஒருநாள் கேட்பாள். அம்மா அப்பவே வாங்கி வச்சிட்டா என்று சொல்லி அன்று எடுத்துக் கொடுப்பேன். கேட்காமலே போனாலும் போகட்டும்.

மாவு உப்பிவிட்டது, எழுந்திருக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள். எனக்காக இந்த ஒன்றை மட்டும் செய்.

இப்படிக்கு,
சுண்டெலியின் அப்பா

*

சுண்டெலியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் மாவோடு வந்து சேர்ந்தது. இருமல் போய்விட்டது. முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, பெரியவர்களைக் குளிப்பாட்டி உட்கார வைப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. மற்றபடி நலம்.

படித்ததும் கோபம்தான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிடுகிறவருக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது சுலபம் என்று பதில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். வேறு எழுதினேன், அதையும் கிழித்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

குழாய்க் கதை வேண்டாம், படித்துவிட்டேன் என்றதும் நீங்கள் போனை அவளிடம் கொடுத்தீர்கள். டப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை. சாப்பிட்டியா, ஷூ சரியா இருக்கா என்றேன். அதோடு எனக்குப் பேச்சுத் தீர்ந்துவிட்டது. இத்தனை நாள் நான் அவளிடம் பேசியதெல்லாம் விசாரணைதான் என்று அப்போதுதான் தெரிந்தது. சும்மா இருக்கப் பயந்து என் வேலையைப் பற்றிச் சொன்னேன். இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், அடுத்த வேளை சாப்பாடு வருமோ வராதோ என்று ரொட்டியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பார், உறை மாற்றும்போது பார்த்தால் பூத்துக் கிடந்தது என்றேன். உங்கள் கடிதம் மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் அதுதான் வாயில் வந்தது. நீங்கள் கேட்கக் கூடாது என்றுதான் சொன்னீர்கள், சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை.

என்ன கலர் என்றாள். தலையணை ஈரமா இருந்துச்சா என்றாள். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றதும், என்னம்மா இப்படிப் பண்ணிட்டே, நீயும் அப்பா மாதிரியே இருக்கியே என்று அலுத்துக்கொண்டாள். அடுத்த தடவை கொட்டாதே, ஒரு டப்பாவுல போட்டு வை, மூடியைத் திறக்கக் கூடாது, கையைக் கழுவிடு என்றாள்.

வைத்திருக்கிறேன். காலி ஜாம் பாட்டிலில் ஒரு துண்டு, என் அறை ஜன்னலில். கூடத் தங்கியிருப்பவள் முகத்தைச் சுளிக்கிறாள். அதன் பிறகு சுண்டெலி ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எப்படி இருக்கு என்று அவள்தான் முதலில் கேட்கிறாள். நான் பார்த்ததைச் சொன்னால், நீ சரியாவே பார்க்கலை என்று திட்டுகிறாள். எந்த ஓரத்துல ஆரம்பிச்சுது, வெயில் பக்கமா சுவர் பக்கமா என்று கேட்டாள். தெரியலைடி என்றேன். அவளிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பரவாயில்லைம்மா, நாளைக்குப் பாரு என்றாள். அவளுடைய டப்பாக்களைப் பற்றியும் அவளாகவே சொன்னாள். உங்களுக்குத் தெரியாமல் இன்னொன்று எங்கே வைத்திருக்கிறாள் என்றும் சொன்னாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டேன். மைக்ரோஸ்கோப் உங்கள் கேக் அச்சுகளோடு இருக்கட்டும்.

இன்று வேலை முடிந்து வந்து பார்த்தேன். பச்சைக்கு நடுவில் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி. நேற்று அது இல்லை, நன்றாகப் பார்த்தேன். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. கூட இருப்பவளிடம் சொன்னேன், அவள் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். இங்கிருந்து நாளை ஒருத்தி ஊருக்குக் கிளம்புகிறாள், அவளிடம் கொடுத்து விடுகிறேன், சனிக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அடுப்படியிலேயே நின்றுகொண்டிருக்காதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், மஞ்சள் புள்ளியைப் பற்றி அவளிடம் வாயைத் திறந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நானே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அவள் அம்மா