சீசனுக்கு ஊரில் இல்லாத அத்தைக்கு

அத்தை,

இன்று காலை பரணிலிருந்து குற்றால சீசனுக்கான பெரிய அண்டாவை இறக்கினார்கள். நான்தான் புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளையும் புளியும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், நீங்கள் பின்னால் நிற்பது போலிருந்தது. திரும்பினேன். நின்றது சிவகிரிச் சித்தப்பா. "அக்கா இருந்த இடத்துக்கு இனி நீதான்ட்டி" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கோ அண்டாவுக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாமா என்று வந்தது.

பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மேற்கொண்டு நான் என்ன செய்வது என்று இந்த வீட்டில் ஒருவரும் பேசவில்லை. சீசனுக்கு யார் பொங்குவது என்று மட்டும் பேசினார்கள், பேசி முடித்தும் விட்டார்கள். உங்கள் இடம் என்று இவர்கள் காட்டுவது அடுப்படியை. அதை விட்டு நீங்கள் கிளம்பிப் போனதை எல்லோரும் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். எனக்கு மறதி குறைவு. வாய் அதிகம். இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் தென்காசியில் நம் வீட்டில் சொந்தக்காரர்கள் விழ ஆரம்பிப்பார்கள். வருவதாக ஒரு கார்டு போட்டதுண்டா? அவர்களுக்குச் சாரல்தான் அழைப்பு. எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, காட்டு யானைப் பசியோடு திரும்புவார்கள். கல்யாணமாகாத அக்கா ஒருத்தி வீட்டில் இருந்தால் சமையலுக்குத் தனியாகத் தவசிப்பிள்ளை எதற்கு? ஜாதகக் கட்டத்தில் உட்கார்ந்திருந்த செவ்வாய் உங்களை அடுப்படியில் கட்டிப் போட்டது. இலஞ்சி வயல் உங்கள் பேரில் இருந்தது, நெல்லும் வந்தது. ஆனால் அந்த நெல்லைக் குத்தி, பொங்கி, பரிமாறி, கடைசிப் பந்தியில் ஆறிய ரசத்தோடு உட்கார்வதுதான் உங்கள் பாத்தியதை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. வந்தவர்களுக்கெல்லாம் பெயர் வைப்பது என் வேலை. குறட்டைச் சத்தத்துக்காகச் சிவகிரிச் சித்தப்பா பேரருவி. ஐந்து பிள்ளைகளோடு வந்திறங்கும் மதுரை மாமா குடும்பம் ஐந்தருவி. நீங்கள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டீர்கள்:

"அப்போ நான் என்ன அருவிட்டி?"

"நீங்க அருவி இல்ல அத்தை. அருவிக்கரையில கிடக்க ஈரத் துண்டு. வாரவங்க எல்லாரும் ஒரு முறுக்கு முறுக்கிப் பிழிஞ்சிட்டுப் போறாங்க."

நீங்கள் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். பிறகு துருவலை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஜன்னலுக்கு வெளியே மாட்டுத்தொழுவம்தான் இருந்தது. நீங்கள் பார்த்தது அதை இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக் காதில் சொன்னீர்கள். "ஊரெல்லாம் இங்கன வந்து கிடக்கு. அப்போ அந்த ஊரெல்லாம் காலியாத்தானே இருக்கும்? போய்ப் பாத்துட்டு வாரேன்." கொல்லம் வண்டிக்காக மறுநாள் விடியுமுன்னே ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். உங்கள் பையை நான் தூக்கிக்கொண்டேன். டிக்கெட் கொடுத்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "துணைக்கு யாரும் வரலியாம்மா?" என்றார். "துணைக்கு ஆள் கிடைச்சிருந்தா நான் எப்பவோ போயிருப்பேன்லா" என்றீர்கள். அவர் டிக்கெட்டை நீட்டினார்; உங்களை வண்டியேற்றிவிட்டு நான் மட்டும் வீடு திரும்பினேன்.

வீட்டில் சட்னி அரைக்க ஆளில்லை என்று தெரிந்தபோதுதான் உங்களைக் காணோம் என்று தெரிந்தது. "அருவிக்குப் போயிருப்பாளோ?" என்றார் அப்பா. "கொடியில அத்தை துண்டைக் காணோம்பா" என்றேன். சத்தியமான வார்த்தை. துண்டை வைக்கோல் போருக்குள் செருகியது நான்தானே! மாட்டு வண்டி கட்டி மொத்தக் கூட்டமும் குற்றாலத்துக்கு ஓடியது. பெண்கள் குளிக்கும் பக்கம் போக முடியாமல், அப்பா பாறை ஓரம் நின்று, "அக்கா! அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். குளித்துக்கொண்டிருந்த அக்காமார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ்காரர் லத்தியோடு வந்து, "ஓய், பொம்பளையாளுக குளிக்கிற இடத்துல உமக்கு என்ன கூப்பாடு?" என்று விரட்டினார். நான் வண்டிக்குள் வாயில் பாவாடையைத் திணித்துக்கொண்டு சிரித்தேன்.

அன்று சிரித்தது இன்று வேறு மாதிரித் தெரிகிறது. துண்டை நான் ஒளித்திருக்க வேண்டியதே இல்லை அத்தை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி வீட்டை விட்டுப் போனால் அருவி வரைக்கும்தான் போவாள் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். அதற்கப்பால் உங்களுக்கு ஓர் ஊர் இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து, மூக்கெல்லாம் வெயில் பட்டுக் கறுத்து, கைநிறைய நேந்திரங்காய் வறுவலோடு வந்திறங்கினீர்கள். அப்பா குதித்த குதியில் ஓடு சரிந்திருக்க வேண்டும். "வயசான காலத்துல ஒத்தையில ஊர் சுத்தப் போனா ஊர் என்ன சொல்லும்?"

"செங்கோட்டையே இப்பத்தான் மலையாள ராஜ்யத்தை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்துக்கு வந்துச்சு. எல்லைக் கோடே நகருது, நான் நகரக்கூடாதா தம்பி? வறுவல் எடுத்துக்கோ" என்றீர்கள்.

அப்பா வறுவலைத் தொடவில்லை. அப்புறம் டப்பாவில் பாதி எப்படிக் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த சீசனுக்கு ராமேஸ்வரம், தனுஷ்கோடி. அதற்கடுத்து மைசூர். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து ஊர்க் கதை சொல்லும்போது, கோயிலைவிட ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்வீர்கள். ஆனால் எல்லாமே சிரிப்பாக இருக்கவில்லை. மைசூருக்குப் பெட்டி கட்டும்போது அம்மா மாவு கையோடு வந்து நின்றாள். "நீங்க போயிடுதிய மைனி. வாரவங்க பசி உங்க கூடவா வருது?" என்றாள். மறுநாள் அப்பாவிடம், "என் வயல் நெல்லை எடுத்துக்கோ. தவசிப்பிள்ளை ஒருத்தரை வை. இவளால முடியாது" என்று சொன்னீர்கள். சொந்தக்காரர்களுக்குக் கூலியாள் கையால் சோறு போடுவது கௌரவக் குறைச்சல் என்று அப்பா மறுத்துவிட்டார். அந்தக் கௌரவத்தைக் கரி பிடித்த கையோடு சுமந்தது அம்மா.

போன சீசனில் காசி. காசிக்குப் போகிறவர்கள் பிடித்த காய் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வரவேண்டும் என்பார்களே, "எதை விடப் போறீங்க?" என்று கேட்டேன். "சீசன் சமையலை" என்றீர்கள்.

"பிடிச்சதைத்தான் விடணும் அத்தை."

"அப்போ உங்கப்பனை விட்டுட்டு வாரேன்."

உள்ளேயிருந்து அப்பா செருமினார்.

அப்புறம் தந்தி வந்தது. இரண்டு நாள் காய்ச்சல், சத்திரத்திலேயே முடிந்துவிட்டது என்று. அப்பாவும் சித்தப்பாவும் ஓடினார்கள். திரும்பி வந்த அப்பா அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பா பேசினார், வருடம் முழுக்கப் பேசுகிறார். ஊர் சுற்றுகிறாள் என்று உங்களைத் திட்டிய அதே வாய் இப்போது, "அக்கா புண்ணியவதி. உயிரை விடத்தான் காசிக்குப் போனா" என்கிறது. உங்கள் பயணத்தையெல்லாம் மடித்துக் கட்டி, மேலே விபூதி பூசி, பூஜை அறையில் வைத்துவிட்டார்கள். படத்தில் இருக்கிற புண்ணியவதி அடுப்படியைக் காலி செய்துவிட்டுப் போன பொம்பளை என்று இனி யார் சொல்லப் போகிறார்கள்?

நான் சொன்னேன் அத்தை. இன்று மத்தியானம், பந்தியில், சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு.

சித்தப்பா மறுபடியும் அந்த மோட்சக் கதையைத் தொடங்கினார். "அத்தை சாகப் போகலை சித்தப்பா" என்றேன். "பாக்கப் போனாங்க. காய்ச்சல் வந்துச்சு, செத்துப் போனாங்க. காய்ச்சல் வராட்டா இந்த சீசனுக்கு வேற ஊருக்குப் போயிருப்பாங்க."

"என்ன பேச்சு பேசுதா பாரு! இலையில உக்காந்திருக்கோம்லா?"

"அவ சொல்லுதது நெசம்தான்" என்றது அப்பாவின் குரல். அவர் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்திரத்துக்காரர் எங்கிட்ட மட்டும் சொன்னாரு. காய்ச்சலோட படுத்துக்கிட்டு, இமயமலை தெரியுத ஊருக்கு எந்த ரயில் போகும்னு கேட்டாளாம். கம்பளி வாங்கித் தரச் சொன்னாளாம்."

ஒரு வருடமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். இந்தச் சந்தர்ப்பம் மறுபடி கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

"நாளைக் காலையில நான் கொல்லம் போறேன்பா. கடல் பாத்துட்டு வருவேன். வந்ததும் பாளையங்கோட்டைக்குப் போய் காலேஜில சேரணும். சீசன் அடுப்பு என்னால முடியாது. அத்தை சொன்ன மாதிரி தவசிப்பிள்ளை வைங்க."

"ஒத்தையிலயா?" என்று சித்தப்பா கத்தினார். அப்பா பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். என் கையிலிருந்த வாளியை வாங்கிச் சித்தப்பாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "வேணுங்கிறதை ஊத்திக்கிடுங்க கொழுந்தனாரே" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, ரெண்டு டிக்கெட்டா எடு. நான் கடல் பாத்ததில்லை."

பேரருவி அந்த நிமிடமே வற்றிப்போனது.

இப்போது அம்மா உள்ளே எந்தச் சேலை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறாள். நான் இதை எழுதுகிறேன். நாளை இரண்டு பேருக்கும் பயமாக இருக்கும். எனக்கு இப்போதே இருக்கிறது. அன்று ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றபோது நீங்கள் என் கையைப் பிடித்திருந்தீர்கள். அந்தப் பிடியில் உங்கள் விரல்கள் நடுங்கியதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும். தைரியசாலிகள் நடுங்க மாட்டார்கள் என்று நினைத்திருந்த வயது அது. நடுங்கிய விரல்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு நீங்கள் படியேறினீர்கள். உங்களிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நடுக்கத்தைத்தான் அத்தை. அதோடுதான் நாளை ஏறப் போகிறேன்.