உன் அடுக்களையில் மீன் வறுக்கிறார்கள்

இதை எழுத உட்காரும்போது உன் அடுக்களையிலிருந்து கடுகெண்ணெய் புகைந்து வருகிறது. அதன் பின்னாலேயே மீன். ஆமாம், மீன்தான். அமாவாசை, கார்த்திகை என்றால் வெங்காயத்தைக்கூட உள்ளே விடாத அடுக்களை அது. கோபித்துக்கொள். உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதான் செய்தேன். இன்னொரு தடவை வாய்த்தாலும் இதையேதான் செய்வேன்.

எனக்கு மட்டும் அந்த வாடை பழக்கமா என்ன? திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்து, இத்தனை வருஷம் கல்கத்தா பவானிபூரில் இருந்தும் மீன் விற்கும் தெருவை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறவள் நான். உன் வீட்டுக்கு ஆள் வந்த முதல் வாரம் என் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன். இரண்டாவது வாரம் நானே திறந்துவிட்டேன். எதிர்வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதற்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்? நீ போன பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாசனையும் வராமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தச் சந்தில் யாரிடம் கேட்டாலும் நம் கட்டடத்துக்கு 'மத்ராஸி பாரி' என்றுதான் பெயர், மதராஸிகள் வீடு. கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த நம் ஆட்கள் கூட்டுச் சேர்ந்து வாங்கிய எட்டு வீடுகள். நீ கோயம்புத்தூர், நான் திருநெல்வேலி. ஒரே ஆபீஸ், ஒரே பஸ், எதிரெதிர் வாசல். உன் தமிழை நானும் என் தமிழை நீயும் கேலி செய்தே நம் பாதி ஆயுள் போயிற்று. கட்டடத்துக்கு நீதான் செயலாளர். வேறு யாரும் போட்டியிடத் துணியவில்லை, அவ்வளவுதான்.

வீடு காலியாவது ஒரு நாளில் நடப்பதில்லை. அதை நீயும் நானும் பக்கத்திலிருந்து பார்த்தோம். ஊரை விட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாருமே போகவில்லை. முதலில் பையன் படிக்கப் போனான். அப்புறம் அவனுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா மூன்று மாதம் போனாள். தனியாகச் சமைத்துக்கொள்ளத் தெரியாத அப்பா பின்னாலேயே போனார். ஃபிரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்துபோட்டு, சாவியை உன் கையில் கொடுத்து, மூன்று மாதம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கீழ்வீட்டுக்காரர் காலமானதும் அந்த வீடு நாலு பிள்ளைகளுக்குப் போயிற்று. நாலு பேரும் நாலு ஊரில் இருக்கிறார்கள், வெள்ளையடிக்க என்ன நிறம் என்பதில்கூட அவர்கள் ஒத்துப்போனதில்லை. முன்போல நம் ஊர் ஆட்கள் மாற்றலாகி இங்கே வருவதும் நின்றுபோனது. கடைசியில் எட்டில் மூன்று வீட்டில்தான் விளக்கு எரிந்தது. நீ, நான், மேல்மாடியில் அந்த ரிட்டையர்டு வாத்தியார் தம்பதி.

சனிக்கிழமை தோறும் நாம் இருவரும் காலி வீடுகளைச் சுற்றி வருவோம், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் ஊற்றாமல் விட்டால் குளியலறை ஓட்டை வழியாகச் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே ஏறிவிடும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்து, சற்று நேரம் காற்றுவிட்டுச் சாத்துவோம். பூட்டைத் திறக்கும் முன் நீ ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஏனுங்க, வீட்ல யாராச்சும் இருக்கீங்களா?" என்று ராகம் போட்டுக் கூப்பிடுவாய். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வரும். அந்த எதிரொலியைக் கேட்டபிறகு சிரிப்பு அடங்கிவிடும் என்பதும் உண்மை.

நம் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. இந்த ஊர் சுருங்கிக்கொண்டு வருகிறது, இளைஞர்கள் எல்லாம் வெளியே போகிறார்கள், வீடுகள் காலியாகாமல் என்ன செய்யும் என்று நீ பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு பேசுவாய். ஊரில் ஆளே இல்லையென்றால் சாயங்காலம் மெட்ரோவில் நம் காலை மிதிக்கிறவர்கள் யார் என்று நான் கேட்பேன். அந்தக் கூட்டம் எங்கிருந்தோ வருகிறது, இருட்டியதும் எங்கேயோ போகிறது. போகிற வழியெல்லாம் பூட்டிய கதவுகளைத் தாண்டித்தான் போகிறது. காலி வீடுகளை வாடகைக்கு விடச் சொல் என்று நான் சொன்னபோதெல்லாம் நீ ஒரு காரணம் வைத்திருந்தாய். குடி வைத்தால் கிளம்ப மாட்டார்கள், கோர்ட்டுக்கு நடந்தே செருப்பு தேயும். கல்யாணமாகாத பையன்கள் வேண்டாம். தனியாக இருக்கிற பெண்கள் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, மீன் சமைக்கிறவர்கள் கூடவே கூடாது. கல்கத்தாவில் இருந்துகொண்டு மீன் சமைக்காத ஆளைத் தேடினாயே, உன்னை என்னவென்று சொல்ல! சாவி கொடுத்துவிட்டுப் போன நாலு பேரும் உன் பேச்சைக் கேட்டுத்தான் பூட்டி வைத்தார்கள். ஊர் சுருங்கியது பாதி என்றால், நம் மனசு சுருங்கியது மீதிப் பாதி. இதை அப்போதே உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு உன் முறையும் வந்தது. முழங்கால் ஆபரேஷனுக்கு மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டான். போகாதே, இங்கே செய்துகொள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டாக்ஸியில் ஏறி உட்கார்ந்துகொண்டு நீ கையை வெளியே நீட்டி என் கையைப் பிடித்தாய்.

"மூணு மாசந்தான புள்ள. பூஜைக்கு வந்தர்றேன். யாரையும் உள்ள உட்றாத."

துர்கா பூஜை வந்தது. சந்து முழுக்க விளக்கு போட்டார்கள், மேளம் அடித்தார்கள். நீ வரவில்லை. அடுத்த பூஜைக்கும் வரவில்லை. அதற்கடுத்த மாசி மாதம் உன் மகன் போன் செய்து, தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றான். அந்த வார சனிக்கிழமை வாளியை எடுத்துக்கொண்டு உன் வாசலில் நின்றேன். உன்னைப் போலக் கூப்பிட்டுப் பார்க்க வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். உள்ளே போய்க் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபிறகு வந்தது துக்கம் இல்லை, கோபம்தான். ஊர்ப்பட்ட வீடுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள் தன் வீட்டுக்கும் ஒருத்தி தண்ணீர் ஊற்றும்படி வைத்துவிட்டாளே என்று.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஒரு புரோமோட்டர் வந்துவிட்டார். கட்டடத்தை இடித்துவிட்டு உயரமாகக் கட்டித் தருகிறாராம். வெளியூரில் இருக்கிற எல்லோருக்கும் சம்மதம். மேல்மாடி வாத்தியார் யார் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி என்றார். மாட்டேன் என்றது நான் ஒருத்தி. எல்லோரும் உன் மகன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், செயலாளர் மகன் அல்லவா. அவன் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினான். யாருமே இல்லாத பில்டிங்கை யாருக்காக வைத்துக்கொள்வது ஆன்ட்டி என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. நான் இல்லையா? ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. காலி வீட்டுக்காக யாரால் வாதாட முடியும்? காலி என்ற அந்தச் சொல்லே இடிப்பதற்கான காரணமாகிவிடுகிறது. வீட்டைக் காப்பாற்றுவதற்கென்று நீ போட்ட பூட்டுதான் அவர்கள் கையில் கடப்பாரையைக் கொடுத்தது.

அந்தச் சமயத்தில் என் முழங்காலுக்கும் பயிற்சி கொடுக்க ஒரு வங்காளிப் பெண் வந்துகொண்டிருந்தாள். சாந்த்ராகாச்சியிலிருந்து பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டி வருவாள், வீட்டில் மாமியார் மட்டும். வேலை எல்லாம் இந்தப் பக்கத்தில்தான். ஏன் இங்கேயே வீடு பார்க்கவில்லை என்று கேட்டேன். என் காலை மடக்கிக்கொண்டே அவள் சிரித்தாள். பார்க்காமலா இருப்பேன் மாஸிமா, வீடுகள் இருக்கின்றன, கொடுக்கத்தான் ஆள் இல்லை என்றாள். புருஷன் எங்கே என்பார்களாம். வெளியூரில் வேலை என்றால் கதவு சாத்திக்கொள்ளுமாம். எந்த ஊரில் என்று கேட்டேன். கோயம்புத்தூரில், பம்பு செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் என்றாள்.

உன் ஊரில்! உன் ஊரில் யாரோ ஒருவர் அவனுக்கு வீடு கொடுத்திருக்கிறார். அவன் அங்கே ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிச் சமைக்கிறானாம், வீட்டுக்கார அம்மாள் மீனுக்குப் புளி ஊற்றச் சொல்லித் தருகிறாளாம். உன்னைவிடப் பெரிய மனசுள்ளவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே உன் மகனைக் கூப்பிட்டேன். இடிப்பதோ விற்பதோ அப்புறம், பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு அந்தப் பெண்ணுக்கு வீட்டைக் கொடு, பொறுப்பு என்னுடையது என்றேன். அவன் தயங்கினான். பிறகு உன்னை இழுத்தான்.

"அம்மா இருந்தா மீன் சமைக்கிறவங்களுக்குக் குடுக்க உட்ருப்பாங்களா ஆன்ட்டி?"

"உங்கம்மா இருந்தா அந்த வீட்டுல உங்கம்மால்ல இருந்திருப்பா. அவ இல்லன்னுதாம்ல கேக்கேன்."

எனக்கே என் வாய்மீது பயம் வந்துவிட்டது. கடைசியில் அவன் சரி என்றான்.

அந்தப் பெண்ணும் மாமியாரும் குடிவந்த அன்று நான் உன் சாமி அலமாரியை மட்டும் என் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். அவ்வளவு பயம் உன்மேல் எனக்கு இன்னும் இருக்கிறது. மாமியார்க்காரி நல்ல வாயாடி. காலையில் பால்கனியிலிருந்து காய்கறி வண்டிக்காரரிடம் சண்டை போடுவது சந்து முனை வரை கேட்கும். உனக்குப் போட்டி இருந்திருக்கும், நன்றாகப் பொழுது போயிருக்கும்.

போன மாதம் உன் மகன் வந்தான். புரோமோட்டரைப் பார்த்து ஒரு முடிவு சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தான். பழக்கத்தில் உன் கதவுக்கு நேரே போய்ப் பையில் கையைவிட்டுச் சாவியைத் துழாவினான். உள்ளே டிவி சத்தம் கேட்டதும் கையை வெளியே எடுத்துவிட்டு மணியை அடித்தான். தன் வீட்டு மணியை அவன் அடித்து நான் பார்த்ததே இல்லை. அந்த மாமியார் திறந்து, கூடத்தில் உட்காரவைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, யார் எவர் என்று விசாரித்தாள். எங்கே பிறந்தாய் என்று கேட்டாளாம். இந்த வீட்டில்தான் வளர்ந்தேன் என்று உள் அறையைக் காட்டினானாம். அப்படியானால் இங்கே ஏன் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாய், உள்ளே போய்ப் பார் என்றாளாம்.

அங்கிருந்து என் வீட்டுக்கு வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. அந்த அறையில் துணி காய்கிறது, கட்டிலுக்கு அடியில் அரிசி டப்பா இருக்கிறது என்று சொன்னான். அம்மா போனபிறகு அந்த வீட்டுக்குள் மூச்சு முட்டும், இன்றைக்கு முட்டவில்லை என்றான். புரோமோட்டரிடம் தன் வீடு காலி இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினான்.

நான் ஊரையே ஜெயித்துவிட்டதாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் இன்னும் இரண்டுங்கெட்டானாகத்தான் இருக்கிறார்கள். புரோமோட்டரின் ஆள் வாராவாரம் வந்து மாடிப்படியின் விரிசலைப் போட்டோ எடுக்கிறான். எடுக்கட்டும். இரண்டாம் மாடி வீட்டுக்குக் கல்லூரியில் பாடம் நடத்தும் இரண்டு பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தனியாக இருக்கிற பெண்கள்தான், நீ வேண்டாம் என்றாயே, அவர்களேதான். கீழ்வீட்டு நாலு பிள்ளைகளுக்கும் நாலு தனித்தனி போன் போட்டிருக்கிறேன். ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் மாற்றிச் சொல்லாமல் இருப்பதற்கே தனித் திறமை வேண்டியிருக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது என்று சொல்கிறவர்களிடம், ஆமாம், அதனால்தான் வேறு வேலை இல்லை என்கிறேன்.

என் மகளிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன். நான் போன பிறகு என் நினைவாக என்று சொல்லி இந்த வீட்டைப் பூட்டிவைக்கக் கூடாது. அந்த மாதமே யாரையாவது குடி வைக்க வேண்டும். என்ன சமைப்பார்கள், யாரைக் கும்பிடுவார்கள் என்று கேட்கவே கூடாது. சுவரில் என் படம் வேண்டாம், அந்த ஆணியில் அவர்கள் தங்கள் காலண்டரை மாட்டிக்கொள்ளட்டும். இப்போதே எதற்கு அம்மா இதெல்லாம் என்று அவள் அழ ஆரம்பித்தாள். அழு, ஆனால் பூட்டாதே என்றேன்.

உனக்கும் எனக்கும் நடந்த சண்டைகளில் எல்லாம் கடைசிச் சொல் உன்னுடையதாகத்தான் இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் நான் சொன்னது நின்றுவிட்டது. அதில் எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. உன்னிடம் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். நீ இருந்து இதையெல்லாம் பார்த்து, இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் சாயங்காலம் ஒன்றும் நடக்காதது போலக் கதவைத் தட்டி, "காப்பி ஆறுது, வா புள்ள" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். இந்தத் தடவை நீ பேசாமல் இருப்பது ரொம்ப நாளாகிவிட்டது.