ஸிர்க்காவின் இடது காதுக்கு

யூவாஸ்குலா,
ஜூலை 14

அன்புள்ள ஸிர்க்கா,

தொலைபேசியை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் சொல்வது பாதிதான் உன் காதில் விழும். மீதியை நீயே கற்பனை செய்துகொண்டு கோபப்படுவாய். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

இங்கே எல்லோரும் சுகம். நம் குழுவில் ரெய்யோ அக்கார்டியனை வாசித்துக்கொண்டே உன் பாட்டுகளையும் பாடுகிறான். ஆட வருகிறவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஓர் அம்மாள் மேடைக்கே வந்து, "தம்பி, நீ வாயை மூடிட்டு வாசி, நாங்க நிம்மதியா ஆடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவனுக்கு வருத்தமே இல்லை. "எனக்கும் அதுதாம்மா ஆசை. பாடுறவ வந்துட்டா நான் ஏன் பாடப்போறேன்?" என்றான்.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நடுக்கோடைத் திருநாளன்று ஏரிக்கரை நடன மேடையில் நீ அரைச் சுருதி கீழே எடுத்தாய். இருநூறு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார்கள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் பஸ் ஏறிவிட்டாய். "என் காது போச்சு, பாட்டும் போச்சு, வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று மறுநாள் ரெய்யோவிடம் சொன்னாயாம்.

தப்பு உன் காதில் இல்லை. அன்று எனக்கு இடுப்பு வலி. என் ஆம்ப்ளிஃபயரை வேனிலிருந்து இறக்கச் சோம்பல்பட்டு, அங்கே கிடந்த ஒன்றில் கிட்டாரைச் செருகினேன். பெரிய பெட்டி, பழைய ஸ்பீக்கர். கம்பளியைப் போட்டு மூடியதுபோல் ஒலி அமுங்கிப்போனது. எனக்கு அது தெரிந்தது. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். காய்ச்சலில் வலது காது போன பிறகு, என் கிட்டாரின் நடுக்குரலை, ரொம்பத் தாழவும் இல்லாத ரொம்ப உயரவும் இல்லாத அந்த ஒலியை, பிடித்துக்கொண்டுதான் நீ பாட்டை எடுக்கிறாய். அது என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தே செய்தேன். மூன்று வாரமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. முதலில் என் ஆம்ப்ளிஃபயர் குமிழ்களின் எண்களை நோட்டில் குறித்துவைத்து, போன இடமெல்லாம் அதே எண்ணில் திருப்பினேன். பயனில்லை. எண் ஒன்றுதான், ஒலி வேறு. மர மேடையில் தரையும் சேர்ந்து முழங்கியது. பள்ளிக்கூட அரங்கில் சுவரில் பட்டு ஊசிபோலத் திரும்பி வந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தந்த ஊர் ஸ்பீக்கரில் கிட்டாரைச் செருகும் வேலை இனி இல்லை. என் சின்ன ஆம்ப்ளிஃபயர்தான் ஊர் ஊராக வரும். அதன் முன்னால், நான் சுண்ணக்கட்டியால் குறித்த இடத்தில்தான் மைக் நிற்கும். அரங்குக்குப் போகும் ஒலி அதிலிருந்துதான் போகும். தரை முழங்கினால் காலிப் பாட்டில் பெட்டிமேல் தூக்கிவைக்கிறேன், பேஸ் என்கிற கீழ்க்குரலைக் குறைக்கிறேன். நடுக்குரலை மட்டும் தொடுவதே இல்லை.

அப்புறம் ரெய்யோவிடம் கிட்டாரைக் கொடுத்து நான்கே சுரங்களை வாசிக்கச் சொல்லிவிட்டு, வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, நீ நிற்கும் இடத்தில் நின்று கேட்கிறேன். உன் உயரத்துக்கு முழங்காலை மடக்க வேண்டியிருக்கிறது. "ஏம்மா, மேடையில ஜெபமா பண்ற?" என்று கேலி செய்தான். ஆமாம் என்றேன்.

கப்பல் உணவகத்தில்தான் திணறிப்போனேன். சுற்றிலும் இரும்பு. இரண்டு மணிநேரம் போராடியதைப் பார்த்து அதன் மேலாளர், "கிட்டார்தானேம்மா, யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?" என்றார். "தெரியிறவ ஒருத்தி இருக்கா" என்றேன்.

இத்துடன் ஓர் ஒலிப்பதிவு வைத்திருக்கிறேன். ஏரிக்கரை, பள்ளிக்கூடம், கப்பல். மூன்றும் நீ நிற்கும் இடத்திலிருந்து பதிவு செய்தவை. வரிசையை மாற்றிவிட்டேன். எது எந்த இடம் என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டால் என் ஒலி இன்னும் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று அர்த்தம்; உன்னை இனி தொந்தரவு செய்யமாட்டேன். முடியாவிட்டால் சனிக்கிழமை நான்கு மணிக்கு அதே ஏரிக்கரை மேடைக்கு வா. கூட்டம் ஏழு மணிக்குத்தான் வரும். பாட வேண்டாம். நின்று கேட்டால் போதும்.

இருபத்திரண்டு வருஷம் உன் வலப்பக்கம் நின்று வாசித்தேன். இப்போது இடப்பக்கம் மாறிவிட்டேன்.

காத்திருக்கும்,
மெர்யா


குவோப்பியோ,
ஜூலை 17

மெர்யா,

பதிவில் இரண்டாவதாக வருவது கப்பல். பேஸ் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ரொம்பப் பெருமைப்படாதே. மற்ற இரண்டையும் பிரிக்க முடியவில்லை. நான்கு தடவை போட்டுக் கேட்டேன். "ஒரே பாட்ட எதுக்கு திரும்பத் திரும்பக் கேக்குற?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன, பாவம்.

உன்மேல் கோபம் தீரவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் மூன்று வாரம் என் காதைச் சபித்துக்கொண்டு கிடந்திருக்கமாட்டேன். ஆனால் நானும் ஒன்றை மறைத்தேன். இடது காதில் மாட்டும் கேட்புக் கருவி கீச்சிட்டது என்று, பாட்டுக்கு முன்னால் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். ஆகவே தப்பு முழுவதையும் நீயே எடுத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.

டாக்டரிடம் போனேன். கருவியைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். அடுப்படியில் பாடிப் பார்த்தேன். சில இடங்கள் நன்றாக வருகின்றன, சில வரவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். நின்று கேட்பதற்கு அல்ல, பாடுவதற்கு. நான்கு மணிக்கும் பாடுவேன், ஏழு மணிக்கும் பாடுவேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் தப்பாக எடுத்தால் நீ நிறுத்தாதே. என் முகத்தையும் பார்க்காதே. வாசித்துக்கொண்டே இரு. நான் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

ஸிர்க்கா