பாதியாகத் திறக்கும் ஜன்னல்

3 நவம்பர், திங்கள்
விடியலிலிருந்து மழை. ராசிங்காபுரம் பஸ் தாமதம். ஏலக்காய் ஏல ஆபீசுக்குப் போய்ச் சேர 9.40. கம்ப்யூட்டரில் பிரவுசர் ஜன்னல் இன்றும் பாதித் திரைக்குத்தான் திறந்தது, இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு. சேவ் பொத்தான் வலது ஓரத்தில், கண்ணுக்கே தெரியாது. சனியன். இழுத்து விரித்தேன்.
வாங்க: உளுந்து, தைலம், பஸ்சுக்குச் சில்லறை.

4, செவ்வாய்
மறுபடி பாதி. அவசரத்தில் சேவை அழுத்தாமல் என்டரை மட்டும் தட்டிவிட்டு, பதிவு ஏறிவிட்டது என்று நினைத்தேன். ஏறவில்லை. குரங்கணித் தோட்டக்காரர் ஒருவரின் காய் இன்றைய ஏலப் பட்டியலிலேயே இல்லை. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்து கத்தினார். "எல்லார் காயும் இருக்கு, என் காயி மட்டும் எங்க போச்சு?"
அவர் முன்னாலேயே முதலாளி: "ஏம்மா சுமதி, கண்ணு தெரியலைன்னா சொல்லிரு. வேற ஆளு பாத்துக்கிறேன்."
பதினொரு வருஷத்தில் முதல் தப்பு. பாத்ரூமில் போய் அழுதேன்.

5, புதன்
கம்ப்யூட்டர் ரிப்பேர் முருகனுக்குப் போன். "கோளாறு ஒண்ணும் இல்லக்கா. கடைசியா எந்த அளவுல மூடுனமோ அதே அளவுலதான் தொறக்கும்."
நான் முழுசா விரிச்சுத்தானேப்பா மூடுறேன்?
"அப்ப நீங்க போனப்புறம் வேற யாரோ தொறக்குறாக."
5.15 பஸ்சுக்கு நான் கிளம்பிவிடுவேன். அதற்கப்புறம் என் கம்ப்யூட்டரில் யாருக்கு என்ன சோலி?
சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. வீட்டுக்காரர் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். அதற்கும் எரிச்சல்.

6, வியாழன்
கம்ப்யூட்டரில் கடைசியாகத் திறந்த கோப்புகளைத் தேடிப் பார்த்தேன். கண்டுபிடித்தாயிற்று. முதலாளியின் மச்சினன். கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு ஒரு மாதமாக ஆபீசில் உட்கார்ந்திருப்பவன். இடது பாதியில் என் பட்டியலை வைத்துக்கொண்டு வலது பாதியில் குறிப்பு எழுதியிருக்கிறான். கோப்பின் பெயர் 'சுமதி வேலை'. எந்தத் தோட்டத்துக்கு முதலில் போன், யாரிடம் காய் ஈரம் என்று சொல்லக் கூடாது, எல்லாம் வரிசையாக. "எப்படிக்கா இதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக் கேட்டுக் கறந்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். எனக்கு நன்றாக வேண்டும்.
கடைசி வரி: டிசம்பர் முதல் நானே பார்க்கணும்.

7, வெள்ளி
வெயில். மச்சினன் டீயோடு வந்து நின்றான். "அக்கா, இந்த ஜன்னலை நான் பாதியா வச்சா யாரோ பெருசாக்கிர்றாங்க. எப்பவும் பாதியாவே தொறக்குற மாதிரி வச்சுத் தாங்களேன்."
வைத்துக் கொடுத்தேன். பக்கத்துப் பாதியில் அவனுடைய 'சுமதி வேலை' கோப்பையும் நானே திறந்தேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.
ஆறாவது வரி தப்பு தம்பி, என்றேன். மலைக்கு அந்தப் பக்கத் தோட்டங்களுக்குப் பதினொரு மணிக்கு மேலதான் போன் போடணும். அதுவரைக்கும் ஆளுக தோட்டத்துக்குள்ள இருப்பாக, சிக்னல் கிடைக்காது. திருத்திக்கோ.