ஓரம் மடித்த டேப்

இதை எழுதும்போது என் இடது உள்ளங்கையில் ஒரு துண்டு செல்லோ டேப் கிடக்கிறது. மஞ்சள் பாய்ந்து, பசை செத்துப்போன டேப். ஒரு ஓரம் மட்டும் உள்ளே மடித்திருக்கிறது. நம் ஆபீஸில் ஓரத்தை மடித்து ஒட்டுகிறவள் நீ ஒருத்திதான். "பிரிக்கறவங்க நகத்துல சொரண்டீட்டு நிக்கக் கூடாதில்ல புள்ள" என்பாய். அதைக் கேட்டும் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. பிரிக்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒருநாளும் நினைப்பு வந்ததில்லையே.

இது எங்கே கிடைத்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், பிழை இருக்கும். இனி நீ திருத்த வர முடியாது. அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோசம்.

திருச்செங்கோட்டில், போர்க்குழி தோண்டுகிற ரிக்கு வண்டிகளுக்குச் சாமான் விற்கிற அந்தக் கடையில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நீ பன்னிரண்டாவது முடித்தவள், உனக்கு நாற்காலியும் கம்ப்யூட்டரும். எனக்குப் பென்டிரைவ். கவுண்டரில் ஒன்று, உன் அறையில் ஒன்று, மேலே குடோனில் ஒன்று என்று மூன்று கம்ப்யூட்டர். பிரிண்டர் உன் மேசையில் மட்டும். பென்டிரைவைச் சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கவுண்டர் பில்லையும் குடோன் சீட்டையும் உன்னிடம் கொண்டு வருவேன். கூடவே சங்கதியும் வரும். குடோன்காரர் ஊட்டில் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்த சேதி, அவர் போட்ட சீட்டுக்கு முன்னால் கீழே இறங்கியிருக்கும். அந்த ஆபீஸுக்கு நான்தான் ஒயர்.

பிறகு நீ நிஜ ஒயரை இழுத்தாய். அப்போதே அவை கிழட்டுக் கம்ப்யூட்டர்கள். இதுகளை ஒன்றோடொன்று பேசவைக்க முடியாது என்று இரண்டு சர்வீஸ்காரர்கள் கைவிரித்துவிட்டுப் போனார்கள். நீ சுவரோரமாக நீல ஒயர் அடித்து, இரண்டு நாள் எதையெதையோ தட்டி, குடோனில் அமுக்கியதை உன் மேசையில் காகிதமாக வரவைத்தாய். "மூணு பொட்டியும் ஒரே பிரிண்டர்ல ஏறிக்கும் புள்ள, ஷேர் ஆட்டோவாட்டம்" என்றாய். முதலாளி எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவள் நான். மைசூர்பாகைத்தான் தின்னாமல் காகிதத்தில் மடித்து வைத்தேன். என் கழுத்தில் பென்டிரைவ், மாட்டை விற்ற பிறகு ஆணியில் தொங்குகிற மணி மாதிரி தொங்கியது.

உன்மேல் பொறாமைப்பட எனக்குக் காரணமே வேண்டியதில்லை. மல்லசமுத்திரம் வண்டியில் உனக்கென்று யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். நீ கொண்டுவரும் புளிச்சோற்றுக்கு எல்லாரும் கை நீட்டுவார்கள். ஆனால் அந்த ஒயர் என் வேலையையே தின்றுவிட்டது. அதனால் ஒருநாள் குடோனில், கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய், அதை நகக்கண் அளவு வெளியே இழுத்துவிட்டேன். பார்த்தால் சொருகியது போலவே இருக்கும். உடனே எல்லாருக்கும் என் ஞாபகம் வந்தது. மூன்று நாள் படியேறி இறங்கினேன், மகாராணி மாதிரி.

நான்காம் நாள் நீ மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாய். தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து, ஒயரைப் பார்த்தாய், என் கையைப் பார்த்தாய். முதலாளியிடம், "ஒயரு லூசா இருந்துச்சுங்க" என்றாய். அது உண்மைதான். நீ பொய் பேசாதவள்.

அடுத்த வாரம் உன் அறையில் எனக்கும் ஒரு மேசை போடவைத்தாய். பிரிண்டர் அதற்கு வந்தது, ஓரங்கட்டியிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரோடு. "இந்தப் பிரிண்டருக்கு வேற வழியே இல்ல புள்ள. உன்ற பொட்டியிலதான் சொருகோணும். நீ வந்து இத எழுப்பி உட்டாத்தான் மத்த பொட்டியெல்லாம் பேசும்" என்றாய். நீ சொன்னதால் நம்பினேன். காகிதம் எல்லாம் என் மேசையில் விழுந்தது. எடுக்க வந்தவர்கள் சங்கதியும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் லீவு போட்டால் நீ போன் போட்டு, "எந்தப் பொத்தான அமுக்கோணும் புள்ள?" என்று கேட்பாய். மூன்று கம்ப்யூட்டரைப் பேசவைத்தவளுக்கு ஒரு பொத்தான் தெரியவில்லையே என்று எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு குளிர்ந்திருக்கும்.

பொய் என் துறை. முதலாளி கூப்பிடுகிறார் என்று குடோன்காரரை எத்தனை தடவை சும்மா இறக்கியிருப்பேன். நான் எதைச் சொன்னாலும் முதலாளி உன் நாற்காலிப் பக்கம் திரும்பி, "நெசமாம்மா?" என்று கேட்டுக்கொள்வார். எல்லாவற்றிலும் நீ ஒசத்தி, ஏமாற்றுவதில் மட்டும் நான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் பதினோரு வருடம் உன் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

போன தை மாதம் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன் ஊட்டு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, அழுதுகொண்டே, நமக்கு இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்தேன். அங்கேயும் விடவில்லை நான்.

இன்றைக்குக் கவுண்டருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அது என் கிழட்டுப் பெட்டியோடு பேசமாட்டேன் என்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் சர்வீஸுக்கு வந்து, பிரிண்டரைத் திருப்பி, பின்னாலிருந்து இந்த டேப்பைப் பிரித்தார்.

"ஏனுங்க்கா, இந்தப் பிரிண்டர்லயே ஒயரு சொருகற ஓட்ட இருக்குதுங்களே. நேராவே குடுத்திருக்கலாம். எதுக்கு உங்க பொட்டி வழியாச் சுத்தி உட்டிருக்காங்க?"

பாவம், அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்றேன்.

"தெரியாதவங்க ஓட்டைய மூடி டேப்பு ஒட்ட மாட்டாங்க" என்றார். நேராகக் கொடுத்துவிட்டால் என் பெட்டி தேவையே இல்லை என்றும் சொன்னார்.

"அப்ப நானுங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் மெனக்கெட்டால் புதுசுக்கும் பழசின் பேச்சைப் புரியவைக்கலாம் என்று, மெனக்கெட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். "ஏம்மா, இந்தப் பழைய பொட்டி இன்னும் எதுக்கு?"

"இந்தப் பிரிண்டருக்கு வேற வழியே இல்லீங்க. இது எந்திரிச்சாத்தான் மத்ததுக பேசும்" என்றேன்.

மீசைக்காரர் தலையைக் குனிந்து எதையோ திருகினார். முதலாளி பழக்கத்தில் உன் நாற்காலிப் பக்கம் திரும்பினார். வாய் கூடத் திறந்துவிட்டது. பிறகு மூடிக்கொண்டு கவுண்டருக்குப் போய்விட்டார்.

அடிப்பாவி, எனக்கென்று இருந்தது ஏமாற்றுவது ஒன்றுதானே. அதையும் எடுத்துக்கொண்டாயே. பதினோரு வருடம், உதட்டில் ஒரு துடிப்பு இல்லாமல், என்னிடமே சொல்லியிருக்கிறாய். உன் பொய்யை ஒரே ஒரு தடவை சொல்வதற்குள் எனக்கு அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன.

மீசைக்காரர் போன பிறகு, அந்த ஓட்டையை மூடப் புதுத் துண்டு டேப் வெட்டினேன். என்றைக்காவது ஒருநாள் யாராவது பிரிப்பார்கள் என்று, ஓரத்தை மடித்துத்தான் ஒட்டினேன். கோணலாகப் போய்விட்டது. இதிலும் நீதான் ஒசத்தி.