சலவைக் கூடத்துக்குச் சிவப்புப் பை வேண்டி

அனுப்புநர்:
சலவைப் பிரிவுப் பணியாளர் (பதினோரு ஆண்டுப் பணி),
தற்சமயம்: தொற்று வார்டு, ஜன்னலோரப் படுக்கை.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: தொற்று வார்டுத் துணிக்குச் சிவப்புப் பையும், சலவைப் பணியாளர்களுக்குக் கையுறை, முகக்கவசமும் திங்கள் காலை ஏழு மணிக்குள் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூச்சு வாங்குவதால் விட்டுவிட்டு எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும்.

1. தொற்று வார்டின் அழுக்குத் துணி சிவப்புப் பையில்தான் வர வேண்டும். அந்தப் பை வெந்நீரில் கரையும். பிரிக்காமல் அப்படியே இயந்திரத்தில் போட்டுவிடலாம். மற்ற வார்டுகளின் வெள்ளைப் பை கரையாது; பிரித்து ஒவ்வொரு துணியாக உதற வேண்டும். ஊசி, பல்செட், மூக்குக்கண்ணாடி எல்லாம் அதில் வரும்.

2. சென்ற மாதம் சிவப்புப் பை தீர்ந்துவிட்டது. வெள்ளைப் பையில் இரண்டு முடிச்சிருந்தால் தொற்றுத் துணி, மூன்று நாள் ஒதுக்கி வைத்துப் பிரிக்கவும் என்று உத்தரவானது. நான்கு நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு பிரசவ வார்டு, பல் பிரிவு என்று எல்லோரும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு முடிச்சே போட்டார்கள். நல்லெண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பையையும் ஒதுக்கினால் மேலே வார்டுகளில் விரிப்புக்கு எங்கே போவார்கள்? தொலைபேசியில் கத்தினார்கள். எல்லாவற்றையும் அன்றன்றே பிரித்தோம்.

3. கையுறை கேட்டு மூன்று முறை பொருள் கிடங்குக்கு நடந்தேன். "நீங்க நோயாளியவா தொடுறீங்க? துணியத்தானே!" என்றார் அங்கிருந்தவர். ஈரத்தில் இறுகிய முடிச்சு விரலுக்கு மசியாது. முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டுப் பல்லால் இழுத்தேன். பதினோரு வருடப் பழக்கம். தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

4. நான் திரும்பும்வரை என் இடத்தில் என் மகளை வேலைக்கு வைக்கத் தாங்கள் இரக்கத்துடன் உத்தரவிட்டதாக அறிந்தேன். நன்றி. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்களன்று அவள் வருகிறாள். போனில் புத்தி சொன்னால், "நீ செஞ்ச வேலைதானேம்மா, எனக்குத் தெரியாதா?" என்கிறாள். தெரியும் என்பதுதான் என் பயமே. தையல் நூலைக்கூட என்னைப் போலவே பல்லால்தான் அறுப்பாள்.

5. இங்கே மருத்துவர்கள் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டுதான் என்னைத் தொடுகிறார்கள். மிகச் சரி. அவர்கள் கழற்றிப் போடும் அங்கிகளை அவள் வெறும் கையோடு உதறுவாள். அது எப்படிச் சரியாகும், ஐயா?

ஆகவே, பையும் கையுறையும் வரும்வரை அவளைச் சலவைக் கூடத்துக்குள் விட வேண்டாமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் தெரிவிக்க வேண்டும். இரண்டு நாளாக என் படுக்கை விரிப்பை மாற்ற நான் விடவில்லை. செவிலியர் திட்டுகிறார். என் இடத்தில் ஆளில்லாமல் கீழே சலவைக் கூடத்தில் பைகள் பிரிக்காமல் கிடக்கின்றனவாம்; கழற்றினால் இதுவும் திங்களன்று அவள் கைக்குத்தான் போகும். தங்கள் உத்தரவு வரும்வரை இதன்மேலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குத் தவித்திருக்கும்,
(ஒப்பம்)
சலவைப் பிரிவுப் பணியாளர்

இடம்: தொற்று வார்டு
நாள்: சனிக்கிழமை, மதியம்